புளி போட்ட கிடா

மண்டபத்துக்கா சார், என்றுதான் கேட்டேன்.
வீட்டுக்கு, என்றார் திம்மராயப்பன்.
மாம்பழக் கூழுக்கு அந்த வருஷம் நல்ல விலை.
பிரான்சுக்கு டப்பா டப்பாவாய்ப் போனது;
வந்தது இந்த ஒரு பெட்டி.
வைக்கோல் சுற்றி, எழுபத்தெட்டுக் கிலோ,
வெண்கலத்தில் பொன் பூசிய சரவிளக்கு.

ஆணியைப் பிடுங்கியதும் அன்வர் சொன்னான்:
"அண்ணே, போச்சம்பள்ளி சந்தை."
ஆமாம்.
எட்டுக் கை, கைக்கு ஒரு கிடாத் தலை.
கொம்பு சுருண்டு காதைச் சுற்ற,
கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல்
இலைமாலை போட்டுக்கொண்டு
உச்சந்தலையில் மெழுகுவர்த்திக் கிண்ணம் தாங்கி.
எங்கள் பக்கம் கிடாவுக்கு மாலை விழுந்தால்
அடுத்தது என்னவென்று அதற்கே தெரியும்.
இவை நூற்று நாற்பது வருஷமாய்
மாலையோடு நிற்கின்றன,
அடுத்தது வரவில்லை.

கூட ஒரு காகிதம்.
ஓசூரில் படிக்கிற மகள் வாசித்துச் சொன்னாள்:
இது தலை போன ஒரு ராஜா காலத்து மோஸ்தர்.
அந்த ராஜா காலத்தில்
ரோமாபுரியைப் பார்த்துச் செய்தார்கள்.
ராஜா போய் நூறு வருஷம் கழித்து
ராஜா காலத்தைப் பார்த்துச் செய்தார்கள்.
"அப்போ டூப்ளிகேட்டா?"
மகள் விழித்தாள்.
"ரீவைண்டிங் மாதிரி சார்," என்றேன்.
சரியான பதிலா, தெரியாது.
அவர் முகம் தெளிந்தது.

வயர் எல்லாம் துணி சுற்றியது. தொட்டால் தூள்.
மெழுகை எடுத்துவிட்டு
எந்தக் காலத்திலோ எவனோ பல்பு போட்டிருக்கிறான்.
ஹோல்டரைக் கழற்றினால்
உள்ளே முடிச்சு.
இழுவை திருகாணிக்குப் போகாமல்
இரண்டு வயரையும் பின்னி
நான் போடுகிற அதே முடிச்சு.
பேர் தெரியாது, பாஷை தெரியாது.
ஏழு முடிச்சு ஒழுங்கு. எட்டாவது அவசரம்.
சாயங்காலம் ஆகியிருக்கும்;
இல்லை, பேசின கூலியில் கை வைத்திருப்பார்கள்.
அந்த எட்டாவதை மட்டும் அவிழ்க்காமல் வெட்டி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபேன் கொக்கி தாங்காது.
தளத்தைத் துளைத்து, மொட்டைமாடியில் பட்டை வைத்து
போல்ட் முறுக்கவே இரண்டு நாள்.

தூக்குவதற்கு முந்தின ராத்திரி
பாத்திரம் தேய்க்கிற மங்கம்மா
கறுத்த பித்தளை பாவம் என்று
ஒரு கிடாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.
புளி, சாம்பல், தேங்காய்நார்.
சீமைப் பொன் எத்தனை நேரம் தாங்கும்?
விடிந்ததும் வீட்டம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.
பாதி விலை போச்சு, என்று மகள் அழுதாள்.
"இப்பத்தான் அதுக்குக் கண்ணு தெரியுது,"
என்றாள் மங்கம்மா, யாரையும் பார்க்காமல்.
ஏறிப் பார்த்தேன். தெரிந்தது.

அதைச் சுவர்ப்பக்கமாய்த் திருப்பி மாட்டச் சொன்னார்கள்.
மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன்.
கறுப்பு கிரானைட் தரைக்குள்ளே
இன்னொரு சரவிளக்கு தலைகீழாய் எரிந்தது,
அதற்குக் கூலி இல்லை.

மூணாவது வாரம் போன்.
"என்னய்யா மாட்டின? தானா திரும்புது."

பர்கூர் பக்கம் தினமும் ஒரு மணிக்குக் குவாரி வெடி.
ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை உதறும்,
அலமாரியில் டம்ளர் பேசும்,
சங்கிலியின் மேல் வளையம்
ஒரு நூல் நகரும்.
கல்லுக்கு வைத்த வெடி; எண்ணிக்கொண்டது வெண்கலம்.

போய்ப் பார்த்தேன்.
பொன் கிடா ஏழும் ஆளுக்கொரு மூலையை வெறிக்க,
புளி போட்டது வாசலுக்கு நேராக
வருகிறவன் செருப்பைக் கழற்றுகிற இடத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தது.

ஏணி கேட்டேன்.
"மாடியில இருக்கு," என்றாள் மங்கம்மா.
நகரவில்லை.
மணி ஒன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.
காபி கொடுத்தார்கள்.
டம்ளரைக் கீழே வைக்காமல்
கையிலேயே பிடித்துக்கொண்டேன்.